குடோன் போட்டால் கொட்டுமா பணம்? கொருக்குப்பேட்டை முதல் எண்ணூர் வரை... தொழில் நிலச் சந்தையில் நடப்பது என்ன?

"பிளாட் வாங்காதீங்க, குடோன் வாங்குங்க. வாடகை மூணு மடங்கு வரும்!" இப்படி ஒரு ரீல்ஸாவது உங்கள் போனில் வந்திருக்கும். ஐடி சம்பளத்தில் கொஞ்சம் சேமித்தவர்கள், வெளிநாட்டில் இருந்து பணம் அனுப்புபவர்கள், அப்பாவின் பழைய இடத்தை என்ன செய்யலாம் என்று யோசிப்பவர்கள் எனப் பலரின் பார்வை இப்போது கிடங்குகள் பக்கம் திரும்பியிருக்கிறது. சென்னையில் இந்தப் பேச்சு எழும்போதெல்லாம் தவறாமல் வரும் பெயர், வடசென்னை. இரண்டு பெரிய துறைமுகங்கள், சரக்கு ரயில் பாதை, எண்ணெய் டெர்மினல்கள், கண்டெய்னர் லாரிகள் எல்லாம் இங்கேதான் இருக்கின்றன.

ஆனா கொருக்குப்பேட்டை ரயில்வே கேட்டில் காத்திருந்தவர்களுக்குத் தெரியும், இங்கே எதுவும் அவ்வளவு சுலபமாக நகராது. இந்தப் பகுதியில் தொழில் நிலத்தின் மதிப்பு எப்படித் தீர்மானமாகிறது? பெரிய முதலீட்டாளர்கள் எங்கே போகிறார்கள்? சின்ன முதலீட்டாளர் எதைக் கவனிக்க வேண்டும்? பார்க்கலாம்.

தொழில் ரியல் எஸ்டேட் என்றால் என்ன?

வீடு, கடை, அலுவலகம் தவிர்த்து, பொருளை உருவாக்கவோ, வைக்கவோ, பிரித்து அனுப்பவோ பயன்படும் இடங்கள் எல்லாம் இந்த வகையில் வரும். தொழிற்சாலை ஷெட், கிடங்கு, குளிர்பதனக் கிடங்கு, கண்டெய்னர் யார்டு, லாரி நிறுத்துமிடம், லாஜிஸ்டிக்ஸ் பார்க் ஆகியவை இதில் அடக்கம்.

கிடங்கு என்றதும் நமக்கு நினைவுக்கு வருவது ஆஸ்பெஸ்டாஸ் கூரை, இருட்டு, எலி, மூட்டை. இன்று பெரிய நிறுவனங்கள் கேட்பது வேறு. சந்தையில் 'கிரேடு ஏ' என்று சொல்லப்படும் கிடங்கில் கூரையின் உயரம் குறைந்தது 9 மீட்டராவது இருக்க வேண்டும். தரை, ஒரு சதுர மீட்டருக்கு சுமார் 5 டன் எடையைத் தாங்க வேண்டும். தீப்பிடித்தால் தானாகத் தண்ணீர் தெளிக்கும் ஸ்பிரிங்க்ளர், லாரியின் தளத்துக்குச் சமமாக ஏற்றி இறக்கும் மேடை, 40 அடி டிரெய்லர் திரும்பும் அளவுக்கு முற்றம் ஆகியவையும் வேண்டும். வடசென்னையின் பழைய குடோன்களில் பெரும்பாலானவை இந்தப் பட்டியலின் முதல் வரியிலேயே தேறாது. இந்த வித்தியாசம் தெரியாமல், ஏதோ ஒரு லாஜிஸ்டிக்ஸ் பார்க்கின் லாபத்தைக் காட்டி ஒரு பழைய ஷெட்டை விற்பதுதான் இந்தச் சந்தையின் முதல் பொறி.

ஆலைகள் போன இடம்

வடசென்னையின் தொழில் வரலாறு நீளமானது. 1856-ல் ராயபுரத்தில் இருந்து தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் கிளம்பியது. பெரம்பூரில் பக்கிங்காம், கர்நாடிக் ஆலைகள் 19-ம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வந்தன. ஊர் மக்கள் அதை 'பின்னி மில்' என்றார்கள். 1946-ல் திருவொற்றியூரில் ஒரு சின்ன ஷெட்டில் பொம்மை பலூன் செய்ய ஆரம்பித்த நிறுவனம்தான் இன்றைய எம்ஆர்எஃப். 1948-ல் தொடங்கிய அசோக் மோட்டார்ஸ் எண்ணூரில் ஆலை அமைத்து, பிறகு அசோக் லேலண்ட் ஆனது. 1955-ல் என்ஃபீல்டு புல்லட்டும் சென்னைக்கு வந்து, திருவொற்றியூரில் தயாராகத் தொடங்கியது. விம்கோ தீப்பெட்டி ஆலையின் பெயரை இப்போது ஒரு ரயில் நிலையமும், ஒரு மெட்ரோ நிலையமும் சுமக்கின்றன.

பிறகு என்ன ஆனது? பின்னி மில் 1996-ல் மூடப்பட்டது. அதன் நிலத்தில் இப்போது அடுக்குமாடிக் குடியிருப்பும் மொத்த வியாபார வளாகமும் எழுகின்றன. ராயல் என்ஃபீல்டின் உற்பத்தியில் பெரும்பகுதி ஒரகடத்துக்கும் வல்லம் வடகாலுக்கும் போய்விட்டது. கார் ஆலைகளும் எலெக்ட்ரானிக்ஸ் ஆலைகளும் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் போயின. வடசென்னையில் தங்கியது சுத்திகரிப்பு ஆலை, அனல்மின் நிலையம், உரம், ரசாயனம், எண்ணெய்க் கிடங்கு, கண்டெய்னர்.

அதாவது ஆயிரக்கணக்கானோருக்கு வேலை கொடுத்த தொழில்கள் சுருங்கின. நிலத்தை அதிகமாகவும் ஆட்களைக் குறைவாகவும் கேட்கும் தொழில்கள் மிஞ்சின. இந்தப் பகுதியின் நிலச் சந்தையைப் புரிந்துகொள்ள இந்த ஒரு வரி முக்கியம்.

ஏன் திடீர் மவுசு?

மூன்று காரணங்கள்.

முதல் காரணம், ஜிஎஸ்டி. 2017 ஜூலை 1-க்கு முன்பு ஒரு மாநிலத்தில் இருந்து இன்னொரு மாநிலத்துக்குப் பொருளை விற்றால் மத்திய விற்பனை வரி உண்டு. அதைத் தவிர்க்க, நிறுவனங்கள் ஒவ்வொரு மாநிலத்திலும் ஒரு சின்ன குடோன் வைத்திருந்தன. ஜிஎஸ்டி வந்ததும் அந்தத் தேவை போய்விட்டது. பத்து சின்ன குடோன்களுக்குப் பதில், நெடுஞ்சாலை ஓரத்தில் இரண்டு பெரிய கிடங்குகள் போதும் என்ற கணக்கு வந்தது.

இரண்டாவது, அரசின் கொள்கை. 2017 நவம்பரில் லாஜிஸ்டிக்ஸ் துறைக்கு 'உள்கட்டமைப்பு' அந்தஸ்து கிடைத்தது. நீண்ட காலக் கடன் திரட்டுவது இதனால் எளிதானது. 2022 செப்டம்பரில் தேசிய லாஜிஸ்டிக்ஸ் கொள்கையும், 2023-ல் தமிழ்நாட்டின் தனிக் கொள்கையும் வந்தன.

மூன்றாவது, நம் விரல் நுனி. ஆன்லைனில் ஆர்டர் போட்டால் நாளைக்கு வேண்டும் என்றிருந்தது, பத்து நிமிடத்தில் வேண்டும் என்று மாறிவிட்டது. பொருள் ஊருக்கு வெளியே ஒரு பெரிய கிடங்கிலும், தெருவுக்குப் பக்கத்தில் ஒரு சின்னக் கிடங்கிலும் காத்திருந்தால்தான் இது சாத்தியம்.

பெரிய பணம் எங்கே போகிறது?

இங்கேதான் பலரும் ஏமாறும் இடம் வருகிறது. வடசென்னைக்கு முதலீடு கொட்டுகிறது என்று சொல்லும்போது காட்டப்படும் திட்டங்களில் பெரும்பாலானவை கொருக்குப்பேட்டையிலோ தண்டையார்பேட்டையிலோ இல்லை.

கனடாவின் ஓய்வூதிய முதலீட்டு வாரியம் 2017-ல் இண்டோஸ்பேஸ் நிறுவனத்துடன் சேர்ந்து இந்தியக் கிடங்குகளில் முதலீடு செய்ய ஆரம்பத்திலேயே 50 கோடி டாலர் ஒதுக்கியது. இண்டோஸ்பேஸுக்கு ஒரகடம், வல்லம் பகுதிகளிலும், வடக்கே கும்மிடிப்பூண்டி வழித்தடத்தில் புதுவாயலிலும் பார்க்குகள் உள்ளன. திருவள்ளூர் மாவட்டம் மப்பேட்டில் சுமார் 184 ஏக்கரில் பல்முனை லாஜிஸ்டிக்ஸ் பூங்காவுக்கு 2022 மே 26-ல் பிரதமர் அடிக்கல் நாட்டினார். எண்ணூர் துறைமுகத்தில் இருந்து தச்சூர், திருவள்ளூர், ஸ்ரீபெரும்புதூர் வழியாக மாமல்லபுரம் அருகே பூஞ்சேரி வரை சுமார் 133 கி.மீ. நீளத்துக்கு சென்னை எல்லைச் சாலை வருகிறது.

வரைபடத்தில் இந்தப் புள்ளிகளைச் சேர்த்துப் பாருங்கள். ஸ்ரீபெரும்புதூரில் தயாராகும் கார், ஊருக்குள் வராமலே எண்ணூர் போய்க் கப்பல் ஏறலாம். பெரிய முதலீடு தேடுவது, ஒரே இடத்தில் ஐம்பது, நூறு ஏக்கர், வில்லங்கம் இல்லாத பட்டா, ஆறுவழிச் சாலை, பகலிலும் லாரி ஓட்ட அனுமதி. மாநகராட்சி எல்லைக்குள் இவை நான்கும் ஒன்றாகக் கிடைப்பது அரிது. அதனால்தான் செங்குன்றம், பெரியபாளையம், கும்மிடிப்பூண்டி பக்கம் கிடங்குகள் வரிசை கட்டுகின்றன.

துறைமுகமும் வடக்கே நகர்கிறது. 2011-ல் உயர் நீதிமன்ற உத்தரவுக்குப் பிறகு சென்னைத் துறைமுகத்தில் நிலக்கரி, இரும்புத்தாது கையாள்வது நின்றது. அந்தச் சரக்கு எண்ணூர் போன்ற துறைமுகங்களுக்கு மாறியது. 2001-ல் செயல்படத் தொடங்கிய எண்ணூர் துறைமுகம்தான் இன்றைய காமராஜர் துறைமுகம். 2020-ல் மத்திய அரசின் பங்குகளை சென்னைத் துறைமுகமே வாங்கியது. அதற்குப் பக்கத்தில் எல் அண்ட் டி கட்டிய காட்டுப்பள்ளித் துறைமுகம் 2018-ல் அதானி குழுமத்தின் கைக்குப் போனது.

அப்போ கொருக்குப்பேட்டையின் மதிப்பு என்ன?

மதிப்பு இருக்கிறது. ஆனா அது வேறு மாதிரியானது.

கொருக்குப்பேட்டை ஒரு ரயில் சந்திப்பு. சென்னைக் கடற்கரை, பேசின் பிரிட்ஜ் பக்கங்களில் இருந்து வரும் பாதைகள் இங்கே சேர்ந்து எண்ணூர், கும்மிடிப்பூண்டி நோக்கிப் போகின்றன. பக்கத்திலேயே தண்டையார்பேட்டை மார்ஷலிங் யார்டு, கான்கார் நிறுவனத்தின் கண்டெய்னர் டெப்போ, எண்ணெய் நிறுவனங்களின் டெர்மினல்கள். சென்னைத் துறைமுகம் சில கிலோமீட்டர் தூரம்தான். பாரிமுனை, சவுகார்பேட்டை மொத்த வியாபாரிகளுக்கு ஸ்டாக் வைக்க இந்தப் பக்கம் குடோன் தேவை. இப்போது டெலிவரி நிறுவனங்களும் ஊருக்குள் சின்ன இடங்களைத் தேடுகின்றன.

அதனால் இங்கே எடுபடுவது 3,000 முதல் 10,000 சதுர அடி வரையிலான சின்ன கிடங்குகள். மினி லாரி, குட்டியானை வந்து போகும் இடங்கள். கடைசிக் கட்ட விநியோகம் என்று இந்தத் துறையில் சொல்வது இதைத்தான். டிரெய்லர் நுழைய முடியாத தெருவில் டிரெய்லருக்கான கிடங்கு போட்டால் காலியாகக் கிடக்கும். டாடா ஏஸ் நுழையும் தெருவில் அதற்கேற்ற கிடங்கு போட்டால் ஆள் வருவார்கள்.

இன்னொரு பக்கம், கண்டெய்னர் சரக்கு நிலையங்கள். துறைமுகத்தில் இறங்கிய கண்டெய்னரைச் சுங்கச் சோதனைக்காக வெளியே வைக்கும் இந்த இடங்கள் மாதவரம், மணலி, திருவொற்றியூர் பகுதிகளில் நிறைய உள்ளன. ஆனா நம்பகமான இறக்குமதியாளர்கள் துறைமுகத்தில் இருந்தே நேரடியாகச் சரக்கை எடுத்துப் போகும் முறை 2016-17-க்குப் பிறகு பரவலானது. கண்டெய்னர் இங்கே நிற்கும் நாட்கள் குறைந்தால் வருமானமும் குறையும். கண்டெய்னர் யார்டுக்கு நிலத்தை வாடகைக்கு விட நினைப்பவர்கள் கவனிக்க வேண்டிய மாற்றம் இது.

சாலையும் ஒரு கேள்விக்குறி. சென்னைத் துறைமுகம் - மதுரவாயல் பறக்கும் சாலைக்கு 2009-ல் அடிக்கல் நாட்டப்பட்டது. 2012-ல் வேலை நின்றது. இரண்டடுக்காக மாற்றி 2022-ல் மீண்டும் அடிக்கல் நாட்டினார்கள். 2009-ல் இந்தச் சாலையை நம்பி நிலம் வாங்கியவர் எத்தனை வருடம் காத்திருந்திருப்பார்? "பாலம் வரப்போகுது, வாங்கிப் போடுங்க" என்று யாராவது சொன்னால் இந்தக் கதையை நினைத்துக்கொள்ளுங்கள்.

விலையைத் தீர்மானிப்பது யார்?

இந்தச் சந்தையின் சூட்சுமம் இங்கேதான் இருக்கிறது. வண்ணாரப்பேட்டையில் இருந்து விம்கோ நகர் வரை மெட்ரோ ரயில் 2021 பிப்ரவரியில் ஓடத் தொடங்கியது. வடசென்னை வளர்ச்சித் திட்டம் 2023-ல் 1,000 கோடி ரூபாய் என்று அறிவிக்கப்பட்டு, 2024 மார்ச்சில் 4,181 கோடி ரூபாய்த் திட்டமாகத் தொடங்கியது. இதெல்லாம் அந்த மக்களுக்கு வர வேண்டியவைதான். ஆனா நிலச் சந்தையில் இதன் விளைவு என்ன? மெட்ரோவுக்குப் பக்கத்தில் இருக்கும் பழைய ஷெட்டின் விலையை இப்போது குடோன் வாடகை தீர்மானிப்பதில்லை. அங்கே அடுக்குமாடி கட்டினால் எவ்வளவு கிடைக்கும் என்ற பில்டரின் கணக்குதான் தீர்மானிக்கிறது.

விலை அப்பார்ட்மென்ட் விலை. வருமானம் குடோன் வருமானம். இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொள்வது புதிதாக வாங்குபவர். ஏற்கெனவே நிலம் வைத்திருப்பவருக்கு இது லாபம். இன்றைக்கு வாங்குபவருக்கு, நாளைக்கு நிலப் பயன்பாடு மாறும் என்ற பந்தயம்.

அந்தப் பந்தயமும் தானாக ஜெயிக்காது. சிஎம்டிஏ-வின் 2-வது முழுமைத் திட்டம் 2008-ல் நடைமுறைக்கு வந்தது. அதில் தொழில் பகுதி, சிறப்பு மற்றும் அபாயகரமான தொழில் பகுதி, குடியிருப்புப் பகுதி என்று ஒவ்வொரு சர்வே எண்ணுக்கும் ஒரு வகை உண்டு. தொழில் பகுதியைக் குடியிருப்பாக மாற்ற விண்ணப்பிக்க வேண்டும். ஆட்சேபம் கேட்டு அறிவிப்பு வர வேண்டும். பரிசீலனை முடிந்து அரசு அறிவிக்கை வெளியாக வேண்டும். அபாயகரமான தொழிலுக்குப் பக்கத்தில் இருந்தால் அனுமதி கிடைப்பது இன்னும் கடினம்.

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம்

உதாரணத்துக்கு மட்டும்: 10,000 சதுர அடி கிடங்கு, நிலத்தோடு சேர்த்து 4 கோடி ரூபாய். வாடகை சதுர அடிக்கு 25 ரூபாய். மாதம் 2.5 லட்சம், வருடம் 30 லட்சம். புரோக்கர் சொல்லும் கணக்கு: 30-ஐ 400-ஆல் வகுத்தால் 7.5% வருமானம்!

இப்போ நிஜக் கணக்கு. தமிழ்நாட்டில் பத்திரச் செலவு முத்திரைத் தீர்வை 7%, பதிவுக் கட்டணம் 2% என மொத்தம் 9%. இதற்கு 36 லட்சம். ஆக முதலீடு 4.36 கோடி. வருடத்தில் ஒரு மாதம் காலியாக இருந்தால் வாடகை 27.5 லட்சம். சொத்து வரி, இன்சூரன்ஸ், ரிப்பேர், காவலாளிக்கு 3 லட்சம் போனால் மிச்சம் 24.5 லட்சம். 7.5% என்றது 5.6% ஆகிவிட்டது. ஆறு மாதம் காலியாக இருந்தால்? 12 லட்சம். வெறும் 2.75%. வருமான வரி இதற்குப் பிறகுதான்.

இதே இடத்தை 9% வட்டிக்குக் கடன் வாங்கிப் பிடித்தால், வாடகை வட்டிக்கே போதாது. மீதியை மாதா மாதம் சம்பளத்தில் இருந்து கட்ட வேண்டும்.

வரியிலும் ஒரு விஷயம் உண்டு. வணிக இட வாடகைக்கு ஜிஎஸ்டி 18%. உரிமையாளரின் வருடச் சேவை வருமானம் 20 லட்சத்தைத் தாண்டினால் பதிவு கட்டாயம். பதிவு செய்யாத உரிமையாளரிடம், ஜிஎஸ்டி பதிவுள்ள நிறுவனம் வாடகைக்கு எடுத்தால், 2024 அக்டோபர் 10 முதல் அந்த வரியைப் பொதுவாக வாடகைதாரரே அரசுக்குக் கட்ட வேண்டும். ஒப்பந்தம் போடும்போதே இதைப் பேசிவிடுவது நல்லது. ஒவ்வொரு வருடமும் 5% அல்லது மூன்று வருடத்துக்கு ஒருமுறை 15% வாடகை உயர்வு என்பது இந்தத் துறையில் வழக்கமான ஷரத்து. குறைந்தபட்சம் எத்தனை மாதம் காலி செய்ய மாட்டார்கள் என்ற 'லாக்-இன்' காலமும் எழுத்தில் இருக்க வேண்டும்.

வாங்கும் முன் எதைப் பார்க்க வேண்டும்?

வீட்டு மனைக்குப் பார்ப்பது போல பட்டா, தாய்ப்பத்திரம், 30 வருட வில்லங்கச் சான்று மட்டும் இங்கே போதாது.

நிலம் யாருடையது: ரயில்வே, துறைமுகம், அரசுப் புறம்போக்கு, கோயில், வக்ஃப் என வடசென்னையில் நிலத்தின் சொந்தக்காரர்கள் பலர். 'பல வருஷமா அனுபவத்துல இருக்கு' என்பது உரிமை ஆகாது. பெரிய ஆலை நிலத்தைப் பிரித்து விற்றதாக இருந்தால், 1978-ன் நகர்ப்புற நில உச்சவரம்புச் சட்டத்தில் சிக்கியதா என்று பார்க்க வேண்டும். அந்தச் சட்டம் 1999-ல் நீக்கப்பட்டது. ஆனா அதற்கு முன்பே அரசு கையகப்படுத்திய நிலங்கள் மீதான சிக்கல் அதோடு முடியவில்லை.

குத்தகையா, சொந்தமா: ரயில்வே நிலத்தில் சரக்கு முனையம் அமைக்க 35 வருடம் வரை, நிலச் சந்தை மதிப்பில் வருடத்துக்கு 1.5% கட்டணத்தில் குத்தகை தரும் கொள்கைக்கு 2022 செப்டம்பரில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்தது. இது பெரிய நிறுவனங்களுக்கான வாய்ப்பு. ஆனா கொருக்குப்பேட்டையைப் பொறுத்தவரை இது முக்கியம். அரசே குறைந்த குத்தகையில் சரக்கு இடத்தைத் திறந்துவிட்டால், பக்கத்துத் தனியார் குடோனின் வாடகைக்கு அது போட்டி.

சாலை அகலம்: எத்தனை அடிச் சாலை, எந்த நேரத்தில் கனரக வாகனத்துக்கு அனுமதி, ரயில்வே கேட்டைத் தாண்ட வேண்டுமா? காலையில் ஒரு முறை, மாலையில் ஒரு முறை, நள்ளிரவில் ஒரு முறை போய்ப் பார்த்தாலே பாதி விடை கிடைக்கும்.

தண்ணீர்: பக்கிங்காம் கால்வாயும், வியாசர்பாடி பக்கம் இருந்து வந்து அதில் சேரும் கேப்டன் காட்டன் கால்வாயும் இந்தப் பகுதியின் வடிகால்கள். பெருமழையில் இவை நிரம்பினால் தெரு மூழ்கும். கிடங்கில் அரை அடித் தண்ணீர் என்றாலும் கீழ் அடுக்கில் இருக்கும் சரக்கு மொத்தமும் போச்சு. எண்ணூர் கழிமுகம் போல அலையேற்றம் உள்ள நீர்நிலைகளை ஒட்டிய இடத்துக்குக் கடலோர ஒழுங்குமுறை மண்டல விதிகளும் பொருந்தும்.

மண்ணுக்குள்ளே என்ன இருக்கிறது?

வேறு ஊரில் கேட்காத கேள்வியை இங்கே கேட்டே ஆக வேண்டும். 2009-ல் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் வெளியிட்ட கடுமையாக மாசடைந்த தொழில் பகுதிகளின் பட்டியலில் மணலியும் இருந்தது. 2013-ல் தண்டையார்பேட்டையில் வீடுகளின் நிலத்தடி நீரில் எண்ணெய் கலந்து வந்தது. பூமிக்கு அடியில் போன எண்ணெய்க் குழாயின் கசிவுதான் பிரச்சினை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய்க் கழிவு எண்ணூர் கழிமுகத்தில் பரவி, படகுகளிலும் வலைகளிலும் வீட்டுச் சுவர்களிலும் படிந்தது. அதே மாதக் கடைசியில் எண்ணூரில் கடலுக்கடியில் போகும் குழாயில் இருந்து அமோனியா கசிந்து, நள்ளிரவில் மக்கள் வீட்டை விட்டு ஓடினார்கள்.

பழைய ஆலை நிலத்தின் மண்ணில் எண்ணெயோ ரசாயனமோ ஊறியிருந்தால், அதைச் சுத்தப்படுத்தும் செலவு வாங்கியவர் தலையில் விழலாம். அதனால் பத்திரம் பார்க்க வக்கீலைக் கூப்பிடுவது போல, மண்ணும் நிலத்தடி நீரும் பரிசோதிக்க ஆய்வகத்தைக் கூப்பிடுவது அவசியம்.

பக்கத்து குடோனில் என்ன வைத்திருக்கிறார்கள் என்பதும் உங்கள் பிரச்சினைதான். 2020 ஆகஸ்டில் பெய்ரூட் துறைமுகம் வெடித்துச் சிதறியபோது, சென்னைக்கும் ஒரு அதிர்ச்சி காத்திருந்தது. 2015-ல் பறிமுதல் செய்த சுமார் 700 டன் அம்மோனியம் நைட்ரேட், 37 கண்டெய்னர்களில் மணலியில் உள்ள ஒரு சரக்கு நிலையத்தில் ஐந்து வருடமாக இருந்தது அப்போதுதான் பலருக்கும் தெரிந்தது. பிறகு அதை ஏலம் விட்டு ஹைதராபாத்துக்கு அனுப்பினார்கள். அந்த ஐந்து வருடமும் அக்கம்பக்கத்தில் குடியிருந்தவர்கள் எதுவும் தெரியாமல் தூங்கினார்கள். குடோனை வாடகைக்கு விடும்போது, 'என்ன பொருள் வைக்கலாம், என்ன வைக்கக் கூடாது' என்று ஒப்பந்தத்தில் எழுதுவதும், தீயணைப்புத் துறை, மாசுக் கட்டுப்பாட்டு வாரிய அனுமதிகளைச் சரிபார்ப்பதும் ஏன் முக்கியம் என்பதற்கு இதைவிட வேறு உதாரணம் வேண்டாம்.

நிலம் வாங்காமலே முதலீடு செய்யலாமா?

செய்யலாம். ரீட் எனப்படும் ரியல் எஸ்டேட் முதலீட்டு அறக்கட்டளைகளுக்கு செபி 2014-ல் விதிகள் கொண்டுவந்தது. முதல் ரீட் ஆன எம்பசி 2019-ல் பட்டியலானது. பிறகு மைண்ட்ஸ்பேஸ், புரூக்ஃபீல்டு இந்தியா, நெக்சஸ் செலக்ட், நாலெட்ஜ் ரியால்டி வந்தன. பங்கு போலவே டீமேட் கணக்கில் ஒரு யூனிட்கூட வாங்கலாம். பகிரத்தக்க வருமானத்தில் 90 சதவீதத்தை முதலீட்டாளர்களுக்குப் பிரித்துத் தர வேண்டும் என்பது விதி. ஆனா கவனிக்க: இவற்றின் சொத்துகள் பெரும்பாலும் அலுவலகங்களும் மால்களும்தான். 'ரீட் வாங்கினால் குடோனில் முதலீடு' என்று நினைத்தால் தவறு.

கிடங்குகளைச் சொத்தாகக் கொண்ட இன்விட் அறக்கட்டளைகளும் வந்துள்ளன. ஆனா அவை தனிப்பட்ட ஒதுக்கீடு முறையில் வருவதால், குறைந்தபட்ச முதலீடே லட்சக்கணக்கில் இருக்கும்.

நடுவில் ஒன்று இருக்கிறது. 50 கோடி முதல் 500 கோடி ரூபாய் வரையிலான சொத்துகளுக்காக, 'சிறு, நடுத்தர ரீட்' என்ற வகையை 2024 மார்ச்சில் செபி உருவாக்கியது. குறைந்தபட்ச முதலீடு 10 லட்சம். ஏற்கெனவே கட்டி முடித்து வாடகை வரும் சொத்தில்தான் 95% போட வேண்டும். வாட்ஸ்அப் குரூப்பில் 'பத்துப் பேர் சேர்ந்து ஒரு குடோன் வாங்கலாம்' என்று யாராவது அழைத்தால் கேட்க வேண்டிய முதல் கேள்வி, 'செபி பதிவு இருக்கா?' என்பதுதான். இல்லையென்றால் பிரச்சினை வரும்போது போய் நிற்க ஒரு கதவு இருக்காது.

அந்த ஊர்க்காரர்களுக்கு என்ன கிடைக்கும்?

முதலீட்டுக் கட்டுரைகளில் வழக்கமாக விட்டுப்போகும் கேள்வி இது. கொருக்குப்பேட்டையில் எழில் நகர், மீனாம்பாள் நகர் என நெருக்கமான குடியிருப்புகள் உண்டு. ஒரு பக்கம் ரயில் பாதை, ஒரு பக்கம் கால்வாய், கொஞ்ச தூரத்தில் கொடுங்கையூர் குப்பைக் கிடங்கு. ஆலை இருந்தபோது புகை வந்தது, வேலையும் வந்தது. கிடங்கு வந்தால் லாரி வரும்; வேலை எவ்வளவு வரும்? ஒரு ஏக்கரில் இயங்கிய நூற்பாலை கொடுத்த வேலையை, ஒரு ஏக்கர் கிடங்கு கொடுக்காது. கொடுப்பதும் பெரும்பாலும் ஒப்பந்த வேலை: ஏற்றுவது, இறக்குவது, பேக்கிங், டெலிவரி.

இது வெறும் இரக்கப் பேச்சு இல்லை. முதலீட்டாளரின் ரிஸ்க் கணக்கும்கூட. காட்டுப்பள்ளித் துறைமுக விரிவாக்கத்தைப் பழவேற்காடு பகுதி மீனவர்கள் பல வருடங்களாக எதிர்த்துவருகிறார்கள். கொடுங்கையூரில் குப்பையை எரித்து மின்சாரம் எடுக்கும் திட்டத்துக்கு எதிராக 2025-ல் மக்கள் மனிதச் சங்கிலி அமைத்தார்கள். 'வடசென்னைன்னா என்ன வேணா கொண்டுவந்து கொட்டலாம்' என்ற காலம் முடிந்துகொண்டிருக்கிறது. லாரி நிறுத்த இடம் ஒதுக்காமல் தெருவை அடைக்கும் கிடங்கு, அனுமதி இல்லாமல் ரசாயனம் வைக்கும் கிடங்கு ஆகியவற்றுக்கு நாளைக்குப் பூட்டு விழலாம். அந்த ரிஸ்க்கை எந்த புரோக்கரும் விலைப் பட்டியலில் எழுத மாட்டார்.

ஆக, யாருக்கு எது?

* ஏற்கெனவே இந்தப் பகுதியில் இடம் வைத்திருப்பவர்: அவசரப்பட்டு விற்க வேண்டாம். ஷெட்டின் தரை, கூரை, மின்சாரம், தீ பாதுகாப்பு ஆகியவற்றைச் சரிசெய்து, சின்ன விநியோகக் கிடங்காக முறையான ஒப்பந்தத்தில் விடுவது நல்ல வழி.

* வாடகை வருமானத்துக்காகப் புதிதாக வாங்குபவர்: ஒன்பது சதவீதப் பத்திரச் செலவு, காலி மாதங்கள், மண் பரிசோதனை எல்லாம் போக என்ன மிச்சம் என்று கணக்கிடுங்கள். அது வங்கி எஃப்டி-யைத் தாண்டவில்லை என்றால், நீங்கள் வாங்குவது வாடகை வருமானம் இல்லை, விலை ஏறும் என்ற நம்பிக்கையை.

* நில விலை உயர்வை மட்டும் எதிர்பார்ப்பவர்: எல்லைச் சாலை, தச்சூர், கும்மிடிப்பூண்டி பக்கம் பாருங்கள். ஆனா திட்டம் முடியும் தேதியை நம்பிக் கடன் வாங்காதீர்கள். மதுரவாயல் பறக்கும் சாலை தந்த பாடம் அது.

* பத்து லட்சத்துக்குள் வைத்திருப்பவர்: நிலம் உங்களுக்கான வழி இல்லை. பட்டியலான ரீட் போதும்.

கொருக்குப்பேட்டையில் குடோன் வாங்கலாமா என்ற கேள்விக்கு ஒரே பதில் கிடையாது. ஆனா அந்தக் கேள்வியை ஏசி அறையில் எக்செல் ஷீட்டை மட்டும் பார்த்துக் கேட்கக் கூடாது. நல்ல மழை பெய்த மறுநாள், அந்தத் தெருவில் நின்று பார்த்துவிட்டு அட்வான்ஸ் கொடுங்கள்.